வியாழக்கிழமை ரத்தம்

நூறாவது அணுவுக்கு மணி அடிக்கும்.

மைக்ரோஸ்கோப்புக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னப் பெட்டி அது. அதில் ஐந்து பொத்தான்கள். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஐந்து வகை, வகைக்கு ஒரு பொத்தான். வலது கை ஸ்லைடை நகர்த்தும். கண் பார்க்கும். இடது கை விரல் எந்த அணுவோ அந்தப் பொத்தானை அமுக்கும். நூறு சேர்ந்ததும் ‘டிங்’. பெட்டியைப் பார்த்து எந்த வகை எத்தனை என்று எழுதினால் ஒரு ஆளின் வேலை முடிந்தது. அடுத்த ஸ்லைடு.

இதை அவள் பதினான்கு வருடம் செய்தாள். ஒரு ஸ்லைடுக்கு நான்கு நிமிடம். பேசிக்கொண்டே செய்வாள், சிரித்துக்கொண்டே செய்வாள், கண்ணை மட்டும் எடுக்கமாட்டாள். லேப்பில் அவளுக்குப் பெயர் கழுகு. வைத்தவன் ஒல்லி. அவனும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்று அவன் ஒல்லி. இன்று கதவைத் திறந்தால் முதலில் வயிறு வரும், பிறகு அவன் வருவான். பெயர் மட்டும் இளைத்தபடியே இருக்கிறது.

இப்போது அவளுக்கு மணி கேட்கிறது. பொத்தான்தான் தெரிவதில்லை.

மருந்து நோயைக் கொன்றது. போகிற போக்கில் விரல்நுனி நரம்புகளையும் தொட்டுவிட்டுப் போனது. திரும்பி வரலாம் என்றார்கள். வராமலும் போகலாம் என்றார்கள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்கள். விரல்களுக்கு மேல் எப்போதும் ஒரு மெல்லிய உறை மாட்டியிருப்பதுபோல இருக்கும். அமுக்கினோமா, விரல் சும்மா பொத்தான்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாது. ‘க்ளிக்’ என்ற சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லேப்பில் இரண்டு மெஷின்கள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருட சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து பதினோரு வாரம் ஆகிறது. லேப்பை நடத்தும் டாக்டரம்மா அவள் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். “மூணு மாசம் பாருங்க. பழகிடுச்சுன்னா பழைய மேசை, பழைய வேலை. அவசரமே இல்ல” என்று சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த மேசையைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. முடி வளர்ந்தது, எடை கூடியது, வாந்தி நின்றது. எல்லோரும் அதைத்தான் தேறிவிட்டது என்றார்கள். அவளுக்குத் தேறுவது என்றால் நான்கு நிமிடத்தில் ஒரு ஸ்லைடு.

*

காலையில் அவளுக்குப் பொத்தான் போட்டுவிடுவது கணவர். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சட்டையில் ஐந்து பொத்தான், அவள் போட்டால் இருபது நிமிடம், அவர் போட்டால் அரை நிமிடம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டர். இருபது வருடமாகப் பயந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவர் குரல் ஒரே வேகத்தில் ஓடும்.

“கழுத்தைத் தூக்கு. நேரா பாரு. ரோட்டைப் பாரு, என்னைப் பாக்காத.”

“ரோடு எங்க இருக்கு? சுவருதான் இருக்கு.”

“அப்போ பிரேக் போடு.”

அவர் கேட்கிற கேள்வியும் தினம் ஒன்றுதான். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்.

“இன்னைக்கு எத்தனை?”

முதல் வாரம் ஆறு. ஐந்தாவது வாரம் பதினான்கு. போன வாரம் ஒரு நாள் இருபத்திரண்டு. அன்றைக்கு அவர் சமையலறையில் நின்றபடியே கை தட்டினார். “டாப் கியர்” என்றார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. யாரோ இருபத்திரண்டு பேர் தங்களுக்கு என்ன என்று அவள் கண்ணால் தெரிந்துகொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

*

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஸ்லைடு வந்தது.

நம்பர் பன்னிரண்டு. ஓரத்தில் ஒரு சாயத் துகள் ஒட்டியிருந்தது. தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி மாதிரி நான்கு கால், ஒரு முதுகு. அதன் பக்கத்தில் ஒரு பெரிய அணு, நாற்காலியைத் தேடி வந்த ஆள்போல. போன திங்கட்கிழமை இதே நாற்காலியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒல்லியைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று நினைத்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். அன்றைக்கு அதன் நம்பர் முப்பத்தொன்று.

ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நம்பர் ஒட்டிய தாளுக்குக் கீழே இன்னொரு தாளின் ஓரம் தெரிந்தது. நகத்தால் பிரிக்கப் பார்த்தாள். நகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இடுக்கியை எடுத்துப் பிரித்தாள். அடியில் முப்பத்தொன்று.

எழுந்து போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். இன்றைய பன்னிரண்டாம் நம்பர் ஒரு வயதானவருடையது. ரிப்போர்ட் காலை ஒன்பது நாற்பதுக்கே போய்விட்டது. கையெழுத்து ஒல்லியுடையது.

ஒல்லி சாயத் தொட்டியில் ஸ்லைடுகளை முக்கிக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த ஸ்லைடைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான்.

“சாயம் ஓவராயிடும், ரெண்டு நிமிஷம்” என்றான்.

“எத்தனை நாளா?”

“என்ன எத்தனை நாளா?”

“ஒல்லி.”

அவன் ஸ்லைடுகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டான். பதினான்கு வருடத்தில் அவன் அப்படி விட்டு அவள் பார்த்ததில்லை.

“முதல் நாள்லேர்ந்து” என்றான். “டாக்டரம்மா சொன்னாங்க. கொஞ்ச நாளைக்குப் பழைய ஸ்லைடா கொடு, பழகட்டும்னாங்க. அப்புறம் மாத்திடலாம்னாங்க. நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு...”

“நான் எழுதினதெல்லாம்?”

“ஒரு ஃபைல்ல இருக்கு.”

“இருபத்திரண்டும்?”

“கழுகு, நீ வந்து உக்கார்ந்தாலே எங்களுக்குப் போதும். சத்தியமா. நீ இல்லாம இந்த ரெண்டு வருஷம் இங்க ஒருத்தன் ஜோக் அடிக்கல.”

“நீதான் அடிப்பியே.”

“அதுக்கு யாருமே சிரிக்கலையே.”

அவள் சிரிக்கவில்லை. பின்னால் தொட்டியில் எட்டு ஸ்லைடுகள் ஊதா நிறத்தில் கறுத்துக்கொண்டிருந்தன.

*

டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் மேசையில் கண்ணாடிக் குடுவை ஒன்றில் பேனாக்கள், பேனாக்களுக்கு நடுவில் ஒரு பல் தேய்க்கும் பிரஷ். டாக்டரம்மா பாதி நாள் லேப்பிலேயே குடியிருப்பவர்.

“கோவமா இருக்கீங்க.”

“இல்லீங்க டாக்டர். ஃபைலைப் பாக்கணும்.”

“இன்னொரு நாள் பாக்கலாமே.”

“ஒரு வாரம்தானே இருக்கு.”

டாக்டரம்மா எழுந்து அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தார். நீல அட்டை. பெயர் எழுதவில்லை. உள்ளே பதினோரு வாரத்துத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரிசை. இடது வரிசை முன்பே அனுப்பிய ரிப்போர்ட், வலது வரிசை அவள் எழுதியது.

அவள் அறிவியல் படித்தவள். எண்களை நேராகப் பார்க்கத் தெரியும். முதல் வாரம் நூற்றுக்குப் பதினெட்டு ஸ்லைடுகள் தப்பு. ஐந்தாவது வாரம் பதினேழு. பத்தாவது வாரம் பத்தொன்பது. வேகம் மட்டும்தான் கூடியிருந்தது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரிய வகைகள் எல்லா வாரமும் குறைவு. அந்த விரல்கள் பக்கத்துப் பொத்தானில் விழுந்திருக்கின்றன. இதுவரை அவளுக்குப் புரிந்தது. விரலில் தொடங்குவது விரலிலேயே முடியும். நீ சொல்லு, நான் அமுக்குறேன் என்று ஒல்லி ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தானே, அப்படிச் செய்யலாம். ஒரு வேலைக்கு இரண்டு பேர். இல்லையென்றால் பென்சிலால் கோடு போடலாம். ஒரு ஸ்லைடுக்கு நாற்பது நிமிடம் ஆகும். ஆகட்டும்.

“விரல்தான் டாக்டர். இதுக்கு வழி இருக்கு.”

டாக்டரம்மா ஒன்பதாவது வாரத்துத் தாளைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

அந்த வரியில் இடது பக்கம் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. வலது பக்கம் அவள் கையெழுத்தில் ஐந்து எண்கள். கூட்டினால் நூறு. வேறு எதுவும் இல்லை.

அந்த லேப்பில் ஒரு விதி உண்டு. எழுதி ஒட்டாத விதி. ஐந்து வகைக்குள் வராத அணு ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாத, முதிராத, பெரிய அணு; ரத்தப் புற்றுநோயின் அடையாளம். அதைப் பார்த்தால் எண்ணக்கூடாது. கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும். எத்தனையாவது அணு என்றாலும் சரி, தொண்ணூற்றொன்பதாவது என்றாலும் சரி, கையை எடுத்துவிட வேண்டும்.

அவள் கையை எடுக்கவில்லை. மணி அடிக்கும்வரை எண்ணியிருக்கிறாள்.

“ஸ்லைடு இருக்கா?” என்று கேட்டாள்.

டாக்டரம்மாவின் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்லைடை மூன்றாவது முறை நகர்த்தியதுமே இரண்டு இருந்தன, அருகருகே. முதல் மாதம் சேர்ந்தவர்கள்கூடப் பார்த்துவிடுவார்கள். விரலால் வந்த தப்பு இல்லை இது. ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் இந்த இரண்டும் அவள் கண்ணுக்குக் கீழே போயிருக்கின்றன. கண் பார்த்திருக்கும். பார்த்ததை எங்கேயோ ஓர் இடத்தில் நிறுத்தி, வேறு பெயர் கொடுத்து அனுப்பிவிட்டிருக்கிறது. யாரோ அதை அவளுக்குச் சொல்லாமல் செய்திருக்கிறார்கள். அந்த யாரோ அவள்தான்.

இதே அணுக்களை அவள் முன்பு பலமுறை பார்த்திருந்தாள், ஒரு வியாழக்கிழமையும்.

வியாழக்கிழமைதோறும் லேப்பில் சாயம் புதிதாகக் கலப்பார்கள். நிறம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தம் ஒரு சொட்டு வேண்டும். வெளியில் யாரைப் போய்க் கேட்பது? லேப்பில் இருக்கிற நான்கு பேரும் முறை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது வியாழன் அவளுடையது. ஊசிக்குப் பயந்து ஒல்லி மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் பாத்ரூம் போய்விடுவான். அவள் தானே குத்தி, தானே தேய்த்து, தானே சாயம் போட்டு, தானே பார்ப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மூன்றாவது வியாழன், சாயம் அருமையாகப் பிடித்திருந்தது. ஊதா ஊதாவாக, சிவப்பு சிவப்பாக. அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“டாக்டர், ஒரு ஸ்லைடு.”

“யாரோடது?”

“வியாழக்கிழமை ரத்தம்” என்றாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. டாக்டரம்மாவே சுவரிலிருந்த முறைப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

இப்போது அதே டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தார்.

“நீங்களே சொல்லுங்க” என்றார். “இது யாரோ ஒரு டிரெயினியோட ஃபைல்னு வெச்சுக்கங்க. உங்ககிட்ட கேக்குறேன். என்ன சொல்லுவீங்க?”

அவள் கடைசித் தாள்வரை மறுபடி புரட்டினாள். அவசரப்படவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டின, விரலுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

“இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுவேன்” என்றாள்.

டாக்டரம்மா ஃபைலை வாங்கி மூடினார். வரவேற்பு மேசையில் ஆள் தேவைப்படுகிறது, வருகிற ரத்தக் குழாய்களின் நம்பரும் பெயரும் சரியா என்று பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும், இருவர் சரிபார்க்கிற வேலை, முதல் ஆளாக இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கதவருகே வந்து அவள் தோளில் கை வைத்தார்.

“உங்க ரத்தம் சுத்தமா இருக்கு. அதை மறந்துடாதீங்க.”

“ஆமாங்க டாக்டர்” என்றாள்.

*

“இன்னைக்கு எத்தனை?” என்று கேட்டார் கணவர். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். வாரை அவிழ்க்கத் தெரியாததால் காலை அப்படியே உருவினாள்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள். “உங்க கார்ல உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்கே. கத்துக்க வர்றவங்களுக்கு அது எப்பத் தெரியும்?”

“முதல் நாளே காட்டிடுவேன். இதோ பாரு, இது என் பிரேக், நீ தப்பு பண்ணினா நான் மிதிப்பேன், பயப்படாதன்னு.”

“காட்டாம விட்டா? தானே ஓட்டுறோம்னு நெனச்சு தைரியமா ஓட்டுவாங்கல்ல?”

“அது எப்படி? என்னைக்காவது தனியா ஓட்டும்போது எங்கயாவது கொண்டுபோய் இடிச்சிடுவாங்க. காட்டாம விட்டா அது கத்துக்கொடுக்குறது இல்ல, ஏமாத்...”

அவர் நிறுத்திக்கொண்டார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டை இரண்டாவது தடவை கழுவினார்.

அவள் அவர் முதுகையே பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருப்பவர்களின் முதுகைப் பார்த்தே உள்ளே என்ன தெரிகிறதென்று சொல்லிவிடுவாள் ஒரு காலத்தில்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

அவர் குழாயை மூடினார்.

“நாலாவது வாரம். ஒல்லி ஃபோன் பண்ணினான். அவனால தாங்க முடியல, யார்கிட்டயாவது சொல்லணும்னு அழுதான்.”

“கை தட்டினீங்க.”

“ஆமா.”

“டாப் கியர்னு சொன்னீங்க.”

“நீ சிரிச்ச” என்றார். அந்த ஒரே வேகத்தில் ஓடும் குரல் எங்கேயோ இடறியது. “ரெண்டு வருஷம் கழிச்சு நீ சிரிச்ச. எனக்கு எந்த பிரேக்கை மிதிக்கிறதுன்னு தெரியல.”

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கோபம் வந்தால் அதைக் கொட்ட ஒரு கெட்டவன் வேண்டும். மூன்று பேரில் ஒருவர்கூட அவளுக்குக் கெட்டது நினைக்கவில்லை. அவள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். ஐந்து. அவள் எண்ணினாள். எண்ணுவதில் தப்பில்லை.

*

புதன்கிழமை போகவில்லை. வியாழக்கிழமை போனாள். வீட்டில் சுவர்தான் இருந்தது, அதனால் போனாள்.

சாயம் கலந்து வைத்திருந்தார்கள். சுவரில் முறைப் பட்டியல். நான்கு வரிகளில் மூன்றாவது வரியின் மேல் வெள்ளை மை பூசியிருந்தது. அவள் திரும்பி வந்த முதல் நாளே அதைப் பார்த்திருந்தாள். மூன்றாவது வியாழன்களை மற்ற மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு ஒல்லியின் முறை.

ஒல்லி பாத்ரூம் போகவில்லை. அவளைப் பார்த்ததும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டான்.

“வரவேற்புல உக்காரப் போறேன்” என்றாள். “திங்கக்கிழமையிலேர்ந்து.”

“கழுகு...”

“இனிமே அந்தப் பேரு வேணாம்டா.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடது கையை மேசைமேல் நீட்டினாள்.

“என்னுதுல எடு.”

“ஏய், வேணாம். அது... டாக்டரம்மா லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க.”

“நோயில்லாத ரத்தம்தானே வேணும்? முந்தாநாள் டாக்டரம்மாவே சொன்னாங்க, சுத்தமா இருக்குன்னு. உனக்குத்தான் ஊசின்னா உயிர் போகுமே. எடு.”

ஒல்லி பஞ்சை மருந்தில் நனைத்தான். மோதிர விரலைப் பிடித்தான்.

“வலிச்சா சொல்லு.”

“வலிச்சா உனக்குப் பார்ட்டி.”

குத்தினான். அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊசி இறங்கியது தெரிந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. சிவப்பாக ஒரு சொட்டு எழுந்து நின்றது.

“வலிச்சுதா?”

“பார்ட்டி இல்ல” என்றாள்.

அவன் ஸ்லைடில் தேய்த்தான். உலர வைத்தான். சாயம் ஊற்றினான். மெஷின்கள் உறுமின. கழுவி, உலர்த்தி, எண்ணெய் ஒரு சொட்டு வைத்து மைக்ரோஸ்கோப்பில் பொருத்திவிட்டு, அவன் எழுந்து அவளுக்கு நாற்காலியைத் தள்ளினான்.

“பாரு.”

“நீ பாரு.”

“உன் ரத்தம். நீதானே எப்பவும்...”

“நான் பாத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்” என்றாள். “நீ பாரு. நூறு எண்ணு.”

ஒல்லி உட்கார்ந்தான். இடது கை பெட்டிக்குப் போனது. க்ளிக், க்ளிக் என்று தொடங்கியது. அவள் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவன் முதுகு அகலம், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அந்த முதுகில் எதையும் அவளால் படிக்க முடியவில்லை. அவன் கையை மட்டும் பார்த்தாள். அது பெட்டியை விட்டு எழுகிறதா என்று பார்த்தாள். நாற்பது இருக்கும். ஐம்பது இருக்கும். ஓர் இடத்தில் க்ளிக் நின்றது. அவன் குனிந்து, ஃபோகஸைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தான். கை பெட்டியின் மேலேயே இருந்தது. எழவில்லை. பிறகு மறுபடி க்ளிக்.

மணி அடித்தது.

“நார்மல்” என்றான், திரும்பாமலே. “எல்லாம் நார்மல்.”

“சாயம்?”

“சாயமும் நல்லா பிடிச்சிருக்கு.”

“நோட்டுல எழுது.”

அவன் எழுதினான். தேதி, சாயத்தின் நம்பர், நிறம் சரி. யாருடைய ரத்தம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவள் பெயரை எழுதினான்.

அவள் அதைப் படித்தாள். அவன் நடுவில் எதற்காக அவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் சாயத் துகள் என்பான். சாயத் துகளாகத்தான் இருக்கும். இல்லையென்றாலும் சாயத் துகள் என்றுதான் சொல்லுவான்.

விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். அழுத்துகிறோமா என்று தெரியவில்லை. எடுத்துப் பார்த்தாள். இன்னும் வந்துகொண்டிருந்தது.